தூள் எங்கே கிடக்கிறது? மரவேலை வக்கியூமின் ஹோஸ் விட்டத்தைக் குறி பார்த்துத் திருத்துதல்

களுவாஞ்சிக்குடியில் என் பட்டறைக்கு வந்து போகும் ஓடாவிமார், அதாவது தச்சர்கள், கேட்கும் முதல் கேள்வி, "அண்ணன், எத்தனை வொற் வக்கியூம் வாங்கலாம்?" என்பதுதான். எத்தனை மிமீ ஹோஸ் என்று யாரும் கேட்பதில்லை. நானும் ஒரு காலத்தில் கேட்கவில்லை. கதவு நிலைகளைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் சாண்டரின் தூளை உறிஞ்ச 1200 வொற் வக்கியூம் ஒன்று வாங்கினேன். அதோடு வந்த ஹோஸ் எட்டவில்லை. அதே 27 மிமீ ஹோஸில் இன்னொரு துண்டை ஒட்டி ஏழு மீற்றர் ஆக்கினேன். தூள் பழையபடி முகத்துக்கே வந்தது. மோட்டார் காணாது போல என்று நினைத்து 1600 வொற் ஒன்றை வாங்கி, அதே ஹோஸை அதிலும் பூட்டினேன். தூளும் அதேதான். அந்தக் காசுக்கு நல்ல ஹோஸ் நாலைந்து வாங்கியிருக்கலாம்.

ஹோஸ் இரண்டு வேலை பார்க்க வேண்டும். கருவியின் வாயில் கிளம்பும் தூளை அள்ளப் போதுமான அளவு காற்றை இழுக்க வேண்டும், அது ஒன்று. அள்ளிய தூளை வழியில் போட்டுவிடாமல் பெட்டிவரை சுமந்து வரும் வேகம் வேண்டும்; அது மற்றது. மெல்லிய ஹோஸில் வேகம் கிடைக்கும், காற்றின் அளவு போதாது. தடித்த ஹோஸில் அளவு கிடைக்கும், வேகம் செத்துவிடும். கீழே வரும் குறிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். அதனால் கடைக்குப் போகுமுன் தூள் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். கருவியைச் சுற்றிக் கிடக்கிறதா, ஹோஸுக்குள் கிடக்கிறதா?

சுமக்கும் வேகத்துக்கு ஒரு எண் போதும்: செக்கனுக்கு 20 மீற்றர். அதற்குக் கீழே போனால் மரத்தூளும் சீவலும் கிடைக் குழாயில் படியத் தொடங்கும். அந்த வேகத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது குறுக்குவெட்டுப் பரப்பைப் பெருக்கினால் வரும் கணக்கு. 27 மிமீ ஹோஸுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 690 லீற்றர், 36க்கு 1,220, 50க்கு 2,360, 63க்கு 3,740, நாலு அங்குலமான 100க்கு 9,400. வக்கியூம் பெட்டியில் 3,600 லீற்றர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து 63க்குக் கிட்டத்தட்டக் காணும் என்று நினைக்க வேண்டாம். ஹோஸும் கருவியும் பூட்டாத நிலையில் வரும் உச்சக் கணக்கு அது. பட்டறையில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது.

உங்கள் வக்கியூம் எவ்வளவு இழுக்கிறது என்று அறிய மீற்றர் எதுவும் வாங்க வேண்டாம். 200 லீற்றர் பீப்பாய்க்குள் விரிக்கும் பெரிய பொலித்தீன் பை ஒன்று போதும். வக்கியூமுக்கு ஊதும் வாய் இருந்தால், ஹோஸையும் கருவியையும் வழமைபோல் பூட்டிவிட்டு, காற்றை வெளியே பிதுக்கித் தட்டையாக்கிய பையை ஊதும் வாயில் கையால் பிடித்து, நிறைய எத்தனை செக்கன் என்று பாருங்கள். 27 மிமீ ஹோஸானால் 17 செக்கனுக்குள் நிறைய வேண்டும். 36 மிமீ என்றால் 10 செக்கன், 50 என்றால் 5, 63 என்றால் 3. அதைவிட நேரம் எடுத்தால் அந்த ஹோஸுக்குள் தூள் படியும்.

என் பட்டறையில் 27 மிமீ, ஏழு மீற்றர் ஹோஸில் பை நிறைய 14 செக்கன். 36 மிமீ, நாலு மீற்றரில் 8 செக்கன். கணக்குப் போட்டால் இரண்டுக்கும் வேகம் கிட்டத்தட்ட ஒன்று, செக்கனுக்கு 25 மீற்றர் அளவில். காற்றின் அளவுதான் இரட்டிப்புக்குக் கிட்டப் போனது. ஏழு மீற்றர் ஹோஸில் தூள் முகத்துக்கு வந்ததற்குக் காரணம் அதுதான்.

கருவியைச் சுற்றித் தூள் பறக்கிறது. வக்கியூமோ கீச்சுக் குரலில் கத்துகிறது

சத்தம் கூடினால் இழுவை கூடியிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் ஓடும் காற்று குறைந்திருக்கிறது. காற்று வராவிட்டால் விசிறிக்கு வேலை குறைகிறது, மோட்டார் பாரமில்லாமல் வேகமாகச் சுற்றுகிறது, குரல் ஏறுகிறது. உள்ளங்கையால் ஹோஸின் வாயை மூடிப் பாருங்கள், அதே கீச்சுக் குரல் வரும். அந்தக் குரல் வேலை நேரத்தில் கேட்டால் வழியில் எங்கோ நெரிகிறது என்று பொருள்.

எங்கே என்று கண்டுபிடிக்கக் கருவிப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வாருங்கள். முதலில் ஹோஸைக் கருவியிலிருந்து கழற்றுங்கள். குரல் இறங்கினால் நெரிவு கருவியின் வாயில் இருக்கிறது. தூள் போக்கியைத் திறந்து பார்த்தால் சீவல் கட்டி ஒன்று இறுகியிருக்கும். இறங்காவிட்டால் ஹோஸை வக்கியூமிலிருந்தும் கழற்றுங்கள். இப்போது இறங்கினால் குற்றம் ஹோஸில். அப்போதும் இறங்காவிட்டால் ஹோஸை விட்டுவிட்டு வடிகட்டியையும் பையையும் பாருங்கள். மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை அறுத்த நாளில் பெரும்பாலும் வடிகட்டிதான். அந்தத் தூள் மாவுபோல வடிகட்டியில் அப்பிக்கொள்ளும்.

குற்றம் ஹோஸில் என்றால் அடைப்பா, விட்டமா என்று பிரிக்க வேண்டும். அதற்குப் பிள்ளைகள் விளையாடும் போளை ஒன்றை ஒரு முனையில் போட்டு ஹோஸைத் தூக்கி உருட்டி விடுங்கள். மறுமுனையில் வந்து விழாவிட்டால் அது நின்ற இடம்தான் அடைப்பு. வந்து விழுந்தால் ஹோஸ் சுத்தம், விட்டமோ நீளமோதான் பிரச்சினை.

விட்டத்தின் வலிமையைப் பலர் குறைவாகவே மதிக்கிறோம். ஒரே அளவு காற்று ஓடும்போது உராய்வில் போகும் இழுவை, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்மாறாக ஏறி இறங்கும். 27இலிருந்து 36க்குப் போனால் அந்த இழப்பு ஏறக்குறைய நாலில் ஒன்றாகும். 50க்குப் போனால் இருபதில் ஒன்றுக்கும் கீழே. நீளமோ நேர்க்கணக்கு: இரண்டு மடங்கு நீளம், இரண்டு மடங்கு இழப்பு. அதனால் நான் ஒட்டிய அந்த மூன்றரை மீற்றர் துண்டு சின்னக் குற்றமல்ல.

இதிலிருந்து பட்டறைக்கு உதவும் ஒரு விஷயம் வருகிறது. ஒடுங்கிய இடம் குட்டையாக இருந்தால் பெரிதாகக் கெடுக்காது. ஒடுக்கம் நீளமாக ஓடினால்தான் கெடுக்கும். கருவியின் வாய் 27 மிமீதான் என்பதற்காக முழு ஹோஸும் 27 ஆக இருக்க வேண்டியதில்லை. நான் இப்போது செய்திருப்பது இதுதான்: சுவரோரமாக 40 மிமீ பிவிசி குழாய், அதன் முனையில் ஒன்றரை மீற்றருக்கு மட்டும் மெல்லிய ஹோஸ். சாண்டர் பிடிக்கும் கைக்கு இலேசாகவும் இருக்கிறது, பையும் 10 செக்கனில் நிறைகிறது. 40 மிமீ என்பது குழாயின் வெளிவிட்டம், உள்ளே 36க்குக் கிட்ட. ஆசைப்பட்டு அந்த இடத்தில் 63 மிமீ குழாய் போட்டிருந்தால் அடுத்த குறி வந்திருக்கும்.

ஹோஸைத் தூக்கினால் பாரம். தட்டினால் தூள் கொட்டுகிறது

சம்மாந்துறையில் ஒரு மச்சான் பெரிய வக்கியூமுக்கு 63 மிமீ ஹோஸ் போட்டு வட்ட வாளில் மாட்டியிருந்தார். முதல் நாள் கடலுக்குள் இருப்பதையும் இழுக்கும் போல இருந்ததாம். இரண்டு நாளில் ஹோஸ் மலைப்பாம்பு மாதிரிக் கனத்துக் கிடந்தது. போனில், "மச்சான், கருவியில ஒரு தூளும் இல்ல, பெட்டியிலயும் ஒண்டும் இல்ல. எங்க போகுது?" என்றார். ஹோஸைத் தூக்கித் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை.

அவருடைய வக்கியூமில் பை ஐந்தரைச் செக்கனில் நிறைந்தது. என்னுடையதைவிட வேகம்தான். ஆனால் 63 மிமீக்கு 3 செக்கனில் நிறைய வேண்டும். அவருடைய கணக்கில் ஹோஸுக்குள் காற்று செக்கனுக்கு 12 மீற்றர்தான் ஓடியது. தூள் ஹோஸுக்குள் ஏறும், கிடையாகக் கிடக்கும் இடத்தில் உட்கார்ந்துவிடும். 36 மிமீ ஹோஸ் நாலு மீற்றர் வாங்கிப் போட்டார், அதோடு தீர்ந்தது.

63ஐக் குப்பையில் போட வேண்டாம். நிலம் கூட்டுவதற்கும், தரையில் குவிந்த சீவலை அள்ளுவதற்கும் இரண்டு மீற்றர் நீளத்துக்கு வெட்டி வைத்தால் அதுதான் நல்லது. வக்கியூம் நிலத்திலும் கருவி மேசையிலும் இருக்கும்போது, ஹோஸ் செங்குத்தாக ஏறி மறுபடி தொங்கும் இடத்திலும் தூள் சேரும். தொய்வை எடுத்துவிட்டுப் பாருங்கள், சில வேளை விட்டத்தை மாற்றவே தேவையிருக்காது.

சீவல் வளைவில் சிக்கி அடைக்கிறது

கைப் பிளேனர் வைத்திருப்பவர்களின் முறைப்பாடு இது. இங்கே காற்றின் கணக்கைவிடச் சீவலின் அளவு முக்கியம். தேக்கு, வேம்பு போன்ற மரங்களில் சுருளாக வரும் சீவல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு 27 மிமீ வாயில் கூடு கட்டிவிடும். பிளேனருக்கு 36 என்பது கீழ்எல்லை. கருவியின் வாய் இடம் கொடுத்தால் 50. உள்ளே வரிவரியாக உள்ள ஹோஸைவிட உட்புறம் வழுவழுப்பானது நல்லது. தொண்ணூறு பாகை வளைவுத் துண்டு (முழங்கை) இருந்தால் கழற்றிவிட்டு, ஹோஸையே பெரிய வளைவாக வளைத்து விடுங்கள். சீவும் ஆழத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் அடைப்பு குறையும். ஆனால் ஹோஸுக்காக வேலையை மெதுவாக்குவது எனக்குப் பிடிப்பதில்லை.

சாண்டர் பலகையோடு ஒட்டிக்கொள்கிறது, அல்லது சுருள் கீறல் விடுகிறது

இரண்டும் எதிரெதிர்க் குறிகள். ஒட்டிக்கொண்டு துள்ளினால் இழுவை கூடிவிட்டது. ஹோஸை மாற்ற வேண்டாம், வக்கியூமின் வேகத்தைக் குறையுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் கருவிக்குக் கிட்ட ஒரு காற்றுத் துளையைத் திறந்து விடுங்கள். பன்றி வால் போலச் சின்னச் சின்னச் சுருள் கீறல் விழுந்தால் தூள் தட்டின் கீழேயே நின்று அரைபடுகிறது. சாண்ட் பேப்பரின் துளையும் தட்டின் துளையும் நேருக்கு நேர் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட தடவை பிழை அங்கேதான் இருக்கும். அது சரியென்றால் மேலே சொன்னபடி ஹோஸைச் சோதியுங்கள். சாண்டருக்கு, நீளம் நாலு மீற்றருக்குள் இருந்தால் 27 தாராளம்.

சாண்டரின் தூளைச் சின்ன விஷயமாக எடுக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடிதான் நெஞ்சுக்குள் போவது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் வெளியிட்ட தொகுதியில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாம் பிரிவில் வைத்தது. முதிரைத் தூள் பட்டால் சிலருக்குத் தோல் அரித்துத் தடித்துவிடும். எனக்குக் கழுத்தடியில் வரும்.

ஹோஸும் கருவியும் பொருந்தவில்லை

36 என்று கேட்டு வாங்கிய ஹோஸ் 36 மிமீ வாய்க்குள் போகாது, அதில் வியப்பில்லை. ஹோஸை உள்விட்டத்தால் சொல்வார்கள். அதன் முனையில் இருக்கும் பிடியின் அளவு வேறு. கருவியின் வாயைச் சிலர் வெளியே அளந்து சொல்வார்கள், சிலர் உள்ளே அளந்து சொல்வார்கள். அங்குலக் கணக்கில் வரும் வக்கியூமில் ஒன்றேகால் அங்குலம் 32 மிமீக்குக் கிட்ட, இரண்டரை அங்குலம் 63 மிமீக்குக் கிட்ட. வேணியர் அளவி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கருவியின் வாயை உள்ளும் வெளியும் அளந்து, எது எதற்குள் போகும் என்று எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பல வாய்கள் கூம்பாக இருக்கும். நுனியில் அளந்தால் ஒரு கணக்கு, அடியில் அளந்தால் இன்னொரு கணக்கு.

இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீற்றர் என்றால் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றைச் சுற்றி மாட்டினால் போதும். அதற்கு மேல் என்றால் பிவிசி குழாய்த் துண்டைக் கொதிநீரில் முக்கி இளகவைத்து, கருவியின் வாயளவு உள்ள மரக்கட்டை ஒன்றில் ஏற்றி விரித்து ஆறவிடுங்கள். குழாய் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் கைவந்த வித்தை இது. நேராகக் கருவியிலேயே ஏற்ற வேண்டாம், சூட்டில் அதன் பிளாஸ்டிக்கும் கோணிவிடும். பிளாஸ்டிக் ரேப் சுற்றி ஒட்டுவது ஒரு கிழமைக்குத்தான் நிற்கும்.

மேசை வாளின் கீழே தூள் மலை

இதற்கு வக்கியூமைக் குறை சொல்லாதீர்கள். அது இந்த வேலைக்கு வந்ததல்ல. பட்டறை வக்கியூம் தண்ணீரை இரண்டு மீற்றர் உயரத்துக்கு உறிஞ்சும் அளவு பலமாக இழுக்கும், ஆனால் காற்றின் அளவு கொஞ்சம். மரக்காலைகளிலும் பெரிய தளபாடப் பட்டறைகளிலும் நிற்கும் தூள் சேகரிப்பு இயந்திரம் தண்ணீரை இருபது முப்பது சென்ரிமீற்றர்தான் தூக்கும், ஆனால் காற்றை வாரி அள்ளும். முன்னதற்கு ஒடுங்கிய ஹோஸ், பின்னதற்கு 100 மிமீயும் அதற்கு மேலும். இரண்டையும் மாற்றிப் போட்டால் இரண்டும் தோற்கும். வக்கியூமில் நாலு அங்குலக் குழாயை மாட்டினால் காற்று ஊர்ந்துதான் போகும். சேகரிப்பு இயந்திரத்தில் சாண்டரின் மெல்லிய ஹோஸை மாட்டினால் அந்தச் சின்ன இழுவை ஹோஸின் உராய்வுக்கே செலவாகிவிடும்.

வக்கியூம் மட்டும்தான் இருக்கிறது என்றால் மேசை வாளின் கீழ்ப்பக்கத்தைக் கவனியுங்கள். அடி திறந்த வாளானால் இழுக்கும் காற்று முழுவதும் கீழ் ஓட்டையால் வந்துவிடும், வாளின் பல்லுக்குக் கிட்டப் போகாது. பிளைவூட்டால் அடியை மூடி, மூலைகளை அடைத்து, வாளுக்கு மிக அருகே ஒரு 50 மிமீ வாய் வையுங்கள். என் அனுபவத்தில் ஹோஸை மாற்றியதைவிட அந்த ஓட்டைகளை மூடியதுதான் கூடப் பலன் தந்தது. மேலே பறக்கும் தூளுக்கு வாளின் மூடியிலிருந்து தனி ஹோஸ் வேண்டும்; கீழேயிருந்து எவ்வளவு இழுத்தாலும் அது வராது. பலகையின் தடிப்பைச் சீவிச் சமப்படுத்தும் திக்னசர், சீவலைத் தானே ஊதித் தள்ளும் வகையானால் அதற்கு வக்கியூமே வேண்டாம், சாக்கைக் கட்டி விடுங்கள். கோணம் வைத்து அறுக்கும் மைட்டர் வாளுக்கும் ஹோஸை மாற்றி மாற்றி நாளைக் கெடுக்க வேண்டாம். அது தூளைப் பின்னால் எறியும் கருவி. பின்னால் ஒரு பெட்டி அடித்து அதில் ஹோஸை விடுவதே வழி.

ஹோஸைத் தொட்டால் சுள்ளென்கிறது

கச்சான் வீசும் மாதங்களில் கூடும். தின்னும் கச்சானல்ல, மேற்கிலிருந்து காய்ந்து வரும் காற்று. ஈரமில்லாத காற்றில் தூள் பிளாஸ்டிக்கை உரசி ஓடும்போது மின்னேற்றம் சேர்கிறது. மெல்லிய ஹோஸில் வேகம் கூடினால் உரசலும் கூடும். நிலைமின் எதிர்ப்பு ஹோஸ் வாங்கினால் தீரும், ஆனால் ஒரு நிபந்தனை: அது சேர்க்கும் மின்னேற்றம் வக்கியூம் வழியாகப் பூமிக்குப் போக வேண்டும். இரண்டு கம்பி மட்டும் உள்ள வயரோடு வரும் வக்கியூமில், அல்லது பூமிக் கம்பி இல்லாத நீட்டிப்பு வயரில், அந்த ஹோஸுக்குக் கொடுத்த காசு வீண். பிளக்கைத் திறந்து மூன்று கம்பியும் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

வக்கியூம் தானாகக் கூவுகிறது

மரத்தூள் போன்ற கெடுதியான தூளுக்கென்று தரம் பிரித்த எம் (M) வகுப்பு வக்கியூம்களில் ஹோஸ் விட்டத்தைத் தெரிவு செய்ய ஒரு திருகு இருக்கும். காற்று செக்கனுக்கு 20 மீற்றருக்குக் கீழே போனால் அது ஒலி எழுப்பும். 27 மிமீ ஹோஸை மாட்டிவிட்டுத் திருகை 36இல் விட்டிருந்தால் ஒன்றும் பழுதில்லாமலே கூவும். திருகை ஹோஸோடு பொருத்தியும் நிற்காவிட்டால் வடிகட்டியைப் பாருங்கள்.

கோடையில் சரி, மாரியில் மட்டும் அடைக்கிறது

ஐப்பசி கார்த்திகை மழையில் இங்கே பலகையே ஈரம் குடித்து நிற்கும். அந்தத் தூள் ஹோஸின் வரிகளில் களியாக ஒட்டி, 36 மிமீ ஹோஸை நாளடைவில் 30 ஆக்கிவிடும். போளை உருளும், ஆனாலும் பை நிறைய நேரமெடுக்கும். என்னிடம் வேலை பழகும் தம்பி ஒருவர் ஹோஸைக் கழற்றிக் கிணற்றடியில் கழுவப் போனார். "கழுவாத மகன், உள்ளுக்கு ஈரம் நிண்டா மறுகா இன்னும் ஒட்டும்" என்று தடுத்தேன். வக்கியூம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹோஸை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்து நீட்டிச் சுருக்கினால் களி உடைந்து பெட்டிக்குள் போய்விடும். அதற்குப் பிறகு காய்ந்த உமி இரண்டு கைப்பிடியை உறிஞ்ச விடுங்கள், மிச்சம் ஒட்டியிருப்பதையும் உரசிக்கொண்டு போகும். வேலை முடிந்ததும் இரண்டு நிமிடம் வெறும் காற்றை ஓடவிட்டு, ஹோஸைக் கழற்றிக் கூரைக்குக் கீழே நேராகத் தொங்கவிடுங்கள்.